இளைஞர்களை ஆதரிப்பது எப்படி? புதிய கவுன்சிலருக்கு ஒரு கையேடு

வாழ்த்துகள். ஜெயித்துவிட்டீர்கள். கழுத்து மாலை வாடுவதற்குள் இதைப் படித்துவிடுவது நல்லது. (உங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதாக இருந்து, ஜெயித்தவர் உங்கள் மனைவியாக இருந்தால், தயவுசெய்து இதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மாமன்ற உறுப்பினர் அவர்தான்.)

குப்பை, சாக்கடை, தெருவிளக்கு பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கெல்லாம் காலை ஆறு மணிக்கே வாசலில் ஆள் வந்து நிற்கும். இளைஞர்கள் அப்படி வந்து நிற்கமாட்டார்கள். சொத்து வரி ரசீது அவர்கள் பெயரில் இல்லை. குடிநீர் இணைப்பும் இல்லை. பலருடைய ஓட்டு சொந்த ஊரிலேயே கிடக்கிறது. ஆனாலும் பிரசாரத்தின்போது 'இளைஞர் நலன்' என்று நோட்டீஸில் ஒரு வரி போட்டுத் தொலைத்துவிட்டீர்கள். அதைச் செய்துமுடித்ததாகக் காட்டியாக வேண்டும். சிக்கலில்லாமல், உட்கார்ந்த இடத்தை விட்டு அதிகம் நகராமல், யாருக்கும் உண்மையில் பயன்பட்டுவிடாமல் செய்வதற்கான வழிகள் கீழே உள்ளன. உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து. 1688இல் தொடங்கிய மாநகராட்சி, 200 வார்டுகள். அனுபவத்துக்குக் குறைவில்லை.

படி 1: இளைஞர் யார் என்று முடிவுசெய்யுங்கள்

இளைஞர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, கட்சியின் இளைஞரணி. அடையாளம் காண்பது சுலபம்: வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் வெளியே தெரியும்படி தலைவர் படம், கையில் பேரனின் காதுகுத்து அழைப்பிதழ். இரண்டாவது வகை, நிஜமாகவே பதினாறிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள். இளைஞர் என்றால் முதல் வகைதான் என்று வைத்துக்கொண்டீர்களானால் பாதி வேலை முடிந்தது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டும் போய்விடுவார்கள்.

இரண்டாவது வகையில் யாராவது மாமன்றத்தில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று வந்தால், "அனுபவம் போதாது தம்பி" என்று சொல்லுங்கள். கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். உள்ளாட்சியில் போட்டியிட அரசியலமைப்பு கேட்கும் வயது 21தான். 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மேயரானபோது ஆர்யா ராஜேந்திரனுக்கு வயது 21. 2022 மார்ச்சில் ஆர். பிரியா சென்னை மேயரானபோது 28. அந்தத் தம்பி இதையெல்லாம் போனில் பார்த்துவிட்டு வந்திருக்கக்கூடும்.

படி 2: கிரவுண்டைக் காப்பாற்றுங்கள், விளையாடுகிறவர்களிடமிருந்து

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாவது அட்டவணை, நகர உள்ளாட்சிகளுக்கென்று 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் எல்லாம் அதில் வருகின்றன. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆகவே நிலம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கலாம்.

முதல் வருடம் ஒரு மூலையில் குடிநீர்த் தொட்டி. அடுத்த வருடம் டிரான்ஸ்ஃபார்மர். பிறகு வார்டு அலுவலகம், ரேஷன் கடை, குப்பை வண்டிகள் நிறுத்துமிடம். மிச்சமிருக்கும் இடத்தில் மூத்த குடிமக்களுக்கு எட்டு வடிவ நடைபாதை. எட்டின் நடுவே நீரூற்று. அது திறப்பு விழா அன்று ஓடினால் போதும். இத்தனைக்கும் பிறகு ஒரு ரப்பர் பந்தைப் போட்டுப் பிடிக்க இடமிருந்தால், 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை வைத்துவிடுங்கள்.

நேரத்தையும் பலகையில் எழுத மறக்காதீர்கள். காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரை என்பது நல்ல ஏற்பாடு. வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன் பகல் பதினொன்றுக்கு வருவான், பூட்டியிருக்கும். வேலை கிடைத்த பையன் இரவு ஒன்பதுக்கு வருவான், அப்போதும் பூட்டியிருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்ற விஷயம் மூன்று பேருக்கு மேல் தெரியக் கூடாது. அந்த மூவரில் ஒருவர் எப்போதும் ஊருக்குப் போயிருக்க வேண்டும்.

இத்தனையும் மீறிப் பொதுப்பணத்தில் நல்ல செயற்கைப் புல் மைதானம் ஒன்று அமைந்துவிட்டால் என்ன செய்வது? சென்னை மாமன்றம் 2024 அக்டோபர் கடைசியில் ஒரு வழி காட்டியது. மாநகராட்சியின் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் என்றாலும் பதினான்கு பேர், ஒரு மணி நேரத்துக்கு 1,680 ரூபாய். வடசென்னையில் கால்பந்து ஆடுகிற பிள்ளைகளின் வீட்டில் அந்தப் பணத்துக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. எதிர்ப்பு கிளம்பியது. தீர்மானம் உடனே திரும்பப் பெறப்பட்டது. வாபஸ் வாங்கியது பாராட்டத்தக்கதுதான். தீர்மானத்தை எழுதுவதற்கு முன்பே மைதானத்தில் பந்து உதைக்கிற ஒரு பிள்ளையிடமாவது கேட்டிருக்கலாமே என்று யாராவது கேட்டால், அப்படி ஒரு நடைமுறை இல்லை என்று பதில் சொல்லுங்கள். பொய் சொன்ன பாவம் வராது. நிஜமாகவே இல்லை.

படி 3: ஜெயிக்கும்வரை காத்திருங்கள்

கேரம் போர்டு கேட்டு ஒரு பெண் வந்து நிற்கிறாள் என்று வையுங்கள். ஒரு போர்டு, காய்கள், ஒரு டியூப்லைட், மழைக்கு ஒழுகாத ஓர் அறை. அவ்வளவுதான் கேட்கிறாள். கொடுத்துவிடாதீர்கள். ஒருத்திக்குக் கொடுத்தால் தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடும். "முதல்ல ஜெயிச்சுட்டு வாம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்புங்கள்.

சில பிள்ளைகள் பிடிவாதக்காரர்கள். நிஜமாகவே ஜெயித்துவிட்டு வந்துவிடுவார்கள். வடசென்னையின் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்தார். அவருக்கு முன்பே சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியனாகி, 1996இல் அர்ஜுனா விருதும் வாங்கியிருக்கிறார். அப்படி ஒருவர் உங்கள் வார்டிலிருந்து கிளம்பிவிட்டால் உங்கள் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. விமான நிலையத்துக்கு முதலில் போய்ச் சேருங்கள். ஒரு பொன்னாடை, ஒரு பூங்கொத்து, இரண்டு போட்டோகிராபர். 'எங்கள் வார்டின் தங்கமகள்' என்று பேசுங்கள். அவர் எந்த அறையில், யார் வாங்கிக் கொடுத்த போர்டில் ஆடிப் பழகினார் என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

கணக்கும் உங்களுக்குச் சாதகம்தான். ஆயிரம் பிள்ளைகள் பழகினால் ஒருவர்தான் ஜெயிப்பார். ஆயிரம் பேருக்கு இடம் கொடுப்பதைவிட ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவது சிக்கனம். மீதி 999 பேரும் ஜெயிக்காவிட்டால்கூட ஆறு மணிக்குப் போய் உட்கார ஓர் இடம் கிடைத்திருக்கும், அந்த நேரத்தில் வேறெங்கும் போயிருக்கமாட்டார்கள் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிக்கனம் தெரியாது.

படி 4: படிக்கிற பிள்ளைகளுக்கு மர நிழல் போதும்

2024இல் நடந்த குரூப் 4 தேர்வு அறிவிப்பில் இருந்த பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். இவர்களெல்லாம் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று நீங்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை, யோசிக்கவும் வேண்டாம். வீட்டில் ஒரே அறை, அதில் டி.வி., தம்பி, பாட்டி. அதனால் பூங்கா பெஞ்சுக்கும் கோயில் மண்டபத்துக்கும் போகிறார்கள். பூங்காதான் காலை ஒன்பது மணிக்கே பூட்டிவிடுகிறதே, அதற்குப் பிறகு எங்கே போகிறார்களோ.

உங்கள் வார்டில் கிளை நூலகம் இருந்தால் அது மாநகராட்சியுடையது இல்லை, நூலகத் துறையுடையது என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம். ஒரே ஒரு சங்கடம் உண்டு. 1948ஆம் ஆண்டிலேயே, சுதந்திர இந்தியாவில் முதல்முறையாக, சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று வரி 100 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 10 ரூபாய். வசூலிப்பது நீங்கள், நூலக ஆணைக்குழுவிடம் கட்ட வேண்டியதும் நீங்கள். உள்ளாட்சிகள் இந்தப் பணத்தை நிலுவை வைப்பது நெடுங்கால வழக்கம். மாமன்றத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். வரி கட்டுகிறவர்களும் ரசீதின் அந்த வரியைப் படிப்பதில்லை.

ஆனால் பக்கத்து வார்டுக்காரர் மேல் ஒரு கண் இருக்கட்டும். கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதியே வைத்தார்கள். 2024 நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று ஒன்று திறந்தார்கள். படிக்க மேசை, மடிக்கணினியோடு வேலை செய்ய இடம், மின் இணைப்பு எல்லாம் உண்டு. இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் உங்கள் வார்டுப் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் வார்டின் சமுதாயக் கூடம் முகூர்த்தமில்லாத நாட்களில் காலியாகத்தான் கிடக்கிறது, அங்கே நாற்பது நாற்காலியும் நாலு ஃபேனும் போட்டால் போதும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: பேனர்

இளைஞர் தினத்துக்கு, தேர்வு முடிவுகளுக்கு, உங்கள் பிறந்தநாளுக்கு. எதற்கும் பேனர் வைக்கலாம். படத்தில் உங்கள் முகம் பெரிதாகவும், மாணவர்களின் முகங்கள் கடுகளவாகவும் இருப்பது மரபு.

இந்த ஒரு படியில் மட்டும் கேலியை நிறுத்திக்கொள்கிறேன். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர் மேல் ஒரு பேனர் விழுந்தது. தடுமாறி விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அது ஓர் அரசியல் கட்சிப் பிரமுகரின் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பேனர். அனுமதி வாங்காமல் வைத்தது. வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே பலமுறை சொல்லியிருந்தது. எந்தத் திட்டமும் போடாமல், ஒரு ரூபாய் செலவழிக்காமல், சாலையில் பேனர் வைக்காமல் இருந்தாலே ஓர் இளைஞரை நீங்கள் காப்பாற்றியிருப்பீர்கள்.

படி 6: கருத்துக் கேளுங்கள், வேலை நாளில், காலை பத்தரைக்கு

மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 1993இல் நடைமுறைக்கு வந்த அதே 74ஆவது திருத்தம் சொல்கிறது. வார்டு குழுவுக்கும், அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடுகிற பகுதி சபைக்கும் தமிழ்நாட்டில் விதிகள் வந்தது 2022இல். அவசரப்படக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இப்போது பகுதி சபையைக் கூட்டித்தான் ஆக வேண்டும். கவலை வேண்டாம். வேலை நாளில் காலை பத்தரைக்குக் கூட்டுங்கள். கல்லூரிப் பிள்ளை கல்லூரியில் இருப்பான், வேலைக்குப் போகிற பெண் பேருந்தில் இருப்பாள். முன்வரிசையில் ஓய்வுபெற்றவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் மைக் போனால் திரும்பி வராது. தப்பித்தவறி ஒரு பையன் எழுந்து "சார், கிரவுண்டுல லைட் எரியல" என்றால், "நல்ல கேள்வி தம்பி, ஏ.இ. நோட் பண்ணிக்கோங்க" என்று சொல்லுங்கள். ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், நோட் பண்ணிக்கொள்வார். நோட்டு அவரிடமே இருக்கும்.

'வார்டு இளைஞர் குரல்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் தொடங்குங்கள். அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று அமைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு, 'இளைஞர்களுக்கு உள்ளாட்சியில் அக்கறையில்லை' என்று தாராளமாக வருத்தப்படலாம். 2022 பிப்ரவரி தேர்தலில் சென்னையில் ஓட்டுப்போட்டவர்கள் பாதிக்கும் குறைவு என்ற ஆதாரம் கையில் இருக்கிறது. அதற்கு முந்தைய தேர்தல் 2011இல் நடந்தது, 2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருடத்துக்கு மேல் மாமன்றமே இல்லை என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். 2011இல் ஏழாம் வகுப்புப் படித்த குழந்தை, அடுத்த உள்ளாட்சித் தேர்தலைப் பார்க்கும்போது கல்லூரி முடித்திருந்தது. கவுன்சிலர் என்று ஒருவர் உண்டு என்பதே அந்தத் தலைமுறைக்குக் கேள்விப்பட்ட செய்திதான்.

படி 7: வெள்ளம் வந்தால் மட்டும் கூப்பிடுங்கள்

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட்டும் சாப்பாட்டுப் பொட்டலமும் சுமந்தவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும். எந்தத் தெருவில் கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டுக்குப் படகு தேவை என்று போனிலேயே பட்டியல் போட்டவர்களும் அவர்கள்தான். அந்த நாட்களில் அவர்களிடம் யாரும் அனுபவம் கேட்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மழைநீர் வடிகால் எங்கே அடைத்தது என்று தெருத் தெருவாக நடந்து பார்த்தவர்கள் அவர்கள். அடுத்த மழைக்கு முன் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். எஸ்டிமேட் போட்ட பிறகு அதையெல்லாம் கேட்பது நல்லதல்ல.

எச்சரிக்கை: தப்பித்தவறி உதவிவிடாதீர்கள்

சென்னை மாநகராட்சிக்கே இந்த விபத்து நேர்ந்திருக்கிறது. 2013இல் ஏழை எளியவர்களுக்கென்று அம்மா உணவகம் தொடங்கினார்கள். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. யாருக்கு என்று விசாரிக்காததால், வேலை தேடிச் சென்னைக்கு வந்து மேன்ஷனில் தங்கியிருந்த பையன்களும் அங்கே வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். 'இளைஞர் நலன்' என்று எங்கும் எழுதவில்லை, ஆனால் நடந்துவிட்டது. 2025இல் அண்ணா நகரில், உணவும் சரக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழிலாளர்களுக்கு ஏ.சி. ஓய்வறை ஒன்று திறந்தார்கள். வெயிலில் வண்டி ஓட்டுகிற பையன் பத்து நிமிடம் உட்காரலாம், போனுக்குச் சார்ஜ் போடலாம், கழிப்பறைக்குப் போகலாம்.

இரண்டிலும் உள்ள ஆபத்தைக் கவனியுங்கள். திறப்பு விழா முடிந்த பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தினமும் பெருக்க வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், பழுது பார்க்க வேண்டும். கல்வெட்டுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது.

அடிக்கடி வரும் கேள்விகள்

எங்கள் வார்டில் பெண் பிள்ளைகள் கிரவுண்டுக்கே வருவதில்லையே?
அவர்களுக்கு விருப்பமில்லை என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். கழிப்பறை கட்டி, விளக்குப் போட்டு, வாரத்தில் சில மணி நேரம் அவர்களுக்கென்று ஒதுக்கிப் பார்த்தால் அந்த முடிவு தப்பாகிவிடும்.

பூங்காவில் ஜோடியாக உட்காருகிறார்கள். என்ன செய்வது?
பெஞ்சுகளை எடுத்துவிடலாம். பாட்டிகளும் தரையில் உட்காருவார்கள்.

கஞ்சா பிரச்சினை இருக்கிறது.
உறுதிமொழி எடுக்கவையுங்கள். கையை நீட்டியபடி எல்லோரும் நிற்க, நீங்கள் வாசியுங்கள். பூட்டிய கிரவுண்டின் பின்பக்கச் சந்துதான் அதற்கு வசதியான இடமாகிவிட்டது என்பதைப் படிவத்தில் எழுத வேண்டியதில்லை.

நிஜமாகவே ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் எவ்வளவு செலவாகும்?
இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் சொல்கிறேன். நிலம் இருக்கிறது. கூடம் இருக்கிறது. நூலக வரி வசூலாகிறது. சபைக்கு விதி இருக்கிறது. கூடுதலாக வேண்டியது விளக்கு, கழிப்பறை, இரவு பத்து மணிவரை ஒரு காவலாளி, இன்னும் கொஞ்சம் சாவி. ஒரு நுழைவு வளைவுக்கு ஆகும் பணத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

கடைசியாக, கவுன்சிலர் அல்லாதவர்களுக்கு

கவுன்சிலர் இந்தக் கையேட்டை முழுவதும் படித்திருக்கமாட்டார். படி 3இல் பொன்னாடை வந்த இடத்திலேயே கிளம்பியிருப்பார். படித்து முடித்தது நீங்கள்தான். அந்தப் பகுதியின் வாக்காளர் என்ற முறையில் பகுதி சபையில் உட்கார உங்களுக்கும், உங்கள் வீட்டில் 18 வயது முடிந்த பிள்ளைக்கும் உரிமை இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அவனையோ அவளையோ அழைத்துக்கொண்டு போங்கள். ஒருநாள் லீவு போட்டாலும் நஷ்டமில்லை. நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போகட்டும். கிரவுண்டு சாவி யாரிடம்? சமுதாயக் கூடம் எத்தனை நாள் காலி? போன வருட நூலக வரியில் கட்டியது எவ்வளவு? அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை வைக்க முடியுமா? பதிலை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கூட்டத்தில் கேட்கப் பழகிய பிள்ளை 21 வயதில் வேட்புமனுவும் போடலாம். மாமன்றத்துக்கு அதைவிட நல்ல இளைஞர் நலத் திட்டம் கிடையாது.